சித்தப்பாவின் ஊர் நேரம்

அந்த நாளைய சித்தப்பா என்றால் காலை பதினோரு மணிக் குறட்டைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஊரே வேலையில் இருக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு, இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பார். இருட்டியதும் எழுந்து உலாத்துவார். வாலிபத்தில் வந்த மனச்சிதைவு நோய். காதில் கேட்ட குரல்கள் மாத்திரையில் அடங்கிவிட்டன. அறுபதைத் தாண்டியதும் தூக்கம்தான் தலைகீழாகிவிட்டது.

செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறைகளை, ஆசிரமத்துக்கு வரும் வெளியூர், வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அப்பா போன பிறகு அதுதான் பிழைப்பு. சித்தப்பா யாரையும் ஒன்றும் செய்யமாட்டார். மாடிப்படி ஏறி இறங்குவார், அவ்வளவுதான். ஆனாலும் அகாலத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் புதிதாக வந்தவர்கள் பயப்படமாட்டார்களா? இரண்டு பேர் சொல்லிக்கொள்ளாமலே காலி செய்துவிட்டுப் போனார்கள். அம்மா வேலூர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் இடம் கேட்டு வைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு போட்டவள் அவள்தான். சித்தப்பாவிடம் மட்டும் விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து வயதான அம்மாள் ஒருவர் வந்து தங்கினார். வந்த மறுநாள் காலை, பொட்டுத் தூக்கமில்லை என்று சிவந்த கண்ணோடு இறங்கிவந்தார். வெளிநாட்டுக்காரர்களோடு பழகிய அம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. டீ போட்டுக் கொடுத்து, வாசல் வெயிலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பகலில் தூங்கக் கூடாது என்று அவருக்கு இங்கிலீஷில் என்னைச் சொல்லச் சொன்னாள். "பாவம், அவங்க ஊர்ல இப்ப ராத்திரி. உடம்புக்கு இன்னும் நம்ம ஊர் டைம் புடிபடல" என்றாள் என்னிடம்.

படுக்கப் போகுமுன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார்.

"அண்ணி, அப்ப நான் எந்த ஊர் டைம்ல இருக்கேன்?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அம்மா உள்ளே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

பிறகு சித்தப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். இந்த நோய் உள்ளவர்களுக்கு உடம்பின் கடிகாரமே தடம் மாறுவதுண்டு, வயதானால் இன்னும் ஜாஸ்தி என்றார். மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்து, காலை வெயிலை விடாதீர்கள் என்றார். முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் மெல்ல மெல்லத் தூக்கம் ராத்திரிப் பக்கம் திரும்பியது. காப்பகப் பேச்சை அம்மா அப்புறம் எடுக்கவேயில்லை. இப்போதெல்லாம் காலை பதினோரு மணிக்குச் சித்தப்பா கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறார்.

போன வாரம் அந்த ஜெர்மன் அம்மாள் செய்தி அனுப்பியிருந்தார். வயது ஏற ஏறத் தன் ஊரிலேயே ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம். சித்தப்பாவிடம் சொன்னேன்.

"காலையில வெயில்ல உக்காரச் சொல்லு, சரியாயிடும். அதுக்குள்ள எங்கயும் கொண்டுபோய் விட்டுட வேணாம்னு அவங்க வீட்ல சொல்லு."