எட்டு நாளை இரண்டு மாதம் என்றேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு புதன்கிழமை காலை, ஆரணியில் எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் நின்றபடி பெங்களூருக்கு ஒரு போன் செய்தேன். ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். அந்தப் பேச்சில் ஒரு பொய் சொன்னேன். இதுவரை என் தம்பியிடம்கூட முழுசாகச் சொல்லாத விஷயம் இது.

என் கணவர் குதிரைப் பந்தய ஜாக்கி. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். பட்டு நெய்கிற ஊருக்கு ஜாக்கி எங்கிருந்து வந்தார் என்பார்கள். அவருடைய அப்பா ஆரணி பஸ் ஸ்டாண்டில் குதிரை வண்டி ஓட்டியவர். இவர் ஆள் குள்ளம், உடம்பில் எடை கிடையாது, குதிரையிடம் பயமும் கிடையாது. பதினாறு வயதில் சென்னைக்குப் போய் லாயம் கழுவும் வேலையில் சேர்ந்து, இருபது வயதில் பந்தயத்தில் ஏறிவிட்டார். பிறகு பெங்களூர்தான் அவருக்குத் தொழில் ஊர். அங்கே ஓர் அறை எடுத்துத் தங்குவார். பந்தயம் இல்லாத நாட்களில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார். எனக்கு இங்கே தம்பியோடு சேர்ந்து இரண்டு தறி, புடவை வியாபாரம். அதனால் நான் ஊரைவிட்டுப் போகவில்லை.

ஜாக்கியின் மனைவி என்றால் என்ன என்று கல்யாணமான முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. மறுவீட்டு விருந்தில் இலை போட்டுப் பரிமாறினால், மனிதர் அரை இட்லியோடு எழுந்துவிட்டார். ஐம்பத்து மூன்று கிலோவைத் தாண்டக்கூடாது. இரண்டு முறை தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது. ஒருமுறை விலா. ஒவ்வொரு முறையும் கட்டுப் போட்ட பிறகுதான் எனக்குச் செய்தி வரும்.

நான் சொல்லும் வருடத்தில் அவருக்கு நாற்பத்தேழு வயது. ஒரு காலத்தில் பந்தய நாளில் ஐந்து, ஆறு குதிரை ஏறியவருக்கு அப்போது ஒன்று கிடைத்தால் பெரிது. சில வாரம் அதுவும் இல்லை. அந்த சீசனில் இரண்டு பந்தயங்களை மயிரிழையில் விட்டிருந்தார். ஒன்றில் குதிரையின் தலையளவுதான் வித்தியாசம். பந்தயக் குதிரையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்கூட என்னைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார்கள்.

“இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு இன்னுமா குதிர மேல ஏறிகினு இருக்காரு?”

அவர்களைச் சொல்வானேன், எனக்கே அந்தக் கேள்வி இருந்தது. அவர் ஓட்டுவதை நான் போனில் பார்ப்பேன். முன்பு கடைசி வளைவில் அவர் உடம்பு குதிரையோடு ஒட்டிப்போய், இரண்டும் ஒன்றாகத் தெரியும். அந்த சீசனில் அவர் தனியாகவும் குதிரை தனியாகவும் தெரிவது போல இருந்தது. என் பயம்தான் அப்படிக் காட்டியதா, நிஜமாகவே அப்படித்தானா, இன்றுவரை தெரியவில்லை. விட்டுவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “இந்த ஒரு சீசன்” என்பார். ஆறு வருடமாக அதே ஒரு சீசன்தான்.

அந்த முறை அவர் தொழிலை விடாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அரக்கு நிறத்தில் ஒரு பெண் குதிரை. யார் ஏறினாலும் முரண்டு பிடிக்கும். இவர் ஏறினால் அடங்கும். இவர் ஓட்டி மூன்று பந்தயம் ஜெயித்திருந்தது. அதை அந்த சீசனின் பெரிய கோப்பைக்கு இறக்கியிருந்தார்கள். முப்பது வருடத்தில் அந்த அளவு பந்தயம் ஒன்றைக்கூட அவர் ஜெயித்ததில்லை. வீட்டில் சாப்பிடும்போது, குளிக்கும்போது, எல்லா நேரமும் அந்தக் குதிரையின் பேச்சுதான்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். இடது கையில் வாங்கினார், டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. சூடாக இருந்ததென்று நினைத்தேன். மறுநாள் சட்டைப் பொத்தானை ஒரே கையால் போட்டுக்கொண்டிருந்தார். இடது கை பக்கத்தில் சும்மா தொங்கியது.

“இன்னாங்க ஆச்சி கைக்கு?”

“ஒண்ணும் இல்ல. தூங்கசொல்ல அமுங்கிகிச்சி.”

அன்று மாலை சேவூரில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. எங்கே போனாலும் பைக்கை அவர்தான் ஓட்டுவார், நான் பின்னால் உட்காருவேன். அன்றைக்கு பைக்கைத் தொடவே இல்லை. “உன் ஸ்கூட்டிய எடு. நான் பின்னாடி குந்திகிறேன்” என்றார். கிளட்ச் பிடிக்க அந்தக் கையால் முடியவில்லை என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. அந்தக் கையோடு ஞாயிற்றுக்கிழமை அந்த முரட்டுக் குதிரையை, அத்தனை குதிரைகளுக்கு நடுவில் எப்படிப் பிடிப்பார்?

திரும்பி வரும்போது வயல் பக்கம் ரோட்டில் யாருமே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்திக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் சிரித்து மழுப்புவார், அப்புறம் சண்டையாகும், கடைசியில் அவர் நினைத்ததுதான் நடக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

புதன்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அவர் பெங்களூர் கிளம்பிப் போனார். எட்டு மணிக்கு நான் அந்தக் குதிரையைப் பழக்கி, அதில் யார் ஏறுவது என்று முடிவு செய்யும் டிரெய்னருக்குப் போன் செய்தேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இவர் எப்போதோ கொடுத்து வைத்திருந்த நம்பர். டிரெய்னர் தமிழ் பேசுபவர், மரியாதையானவர். கையைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் சிரித்தார்.

“அதாம்மா, போன வாரம் செவ்வாய்க்கிழமை காலைல ப்ராக்டிஸ்ல விழுந்தாருல்ல, அந்த அடிதான். ரெண்டு நாள்ல சரியாயிடும்னு அவரே சொன்னாரு. நீங்க பயப்படாதீங்க.”

விழுந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். எட்டு நாளாக என்னிடம் மறைத்திருக்கிறார். கோபமும் பயமும் சேர்ந்து எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. இந்த மனிதரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்தது இது:

“இல்லீங்க சார். ரெண்டு மாசமாவே அந்தக் கை இப்படித்தான் இருக்குது. உங்க கிட்ட மறைக்கிறாரு.”

டிரெய்னரின் சிரிப்பு நின்றுவிட்டது.

“ரெண்டு மாசமாவா?”

“ஆமாங்க.”

“நல்ல வேளை சொன்னீங்கம்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் சொன்னதாக அவரிடம் சொல்லாதீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் இவர் போன் செய்தார். இந்த ஞாயிறு சவாரி இல்லை, டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள் என்றார். ஏன், என்ன ஆச்சு என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். சனிக்கிழமை இருவருமாக வேலூர் போய் டாக்டரைப் பார்த்தோம். விழுந்ததில் மணிக்கட்டு வீங்கி நரம்பை அழுத்துகிறது, மூன்று வாரம் பட்டை போட்டு அசையாமல் வைத்திருந்தால் கை பழையபடி ஆகிவிடும், அதுவரை குதிரைப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் இவர் முகம் தெளிந்துவிட்டது. “மூணு வாரம்தானே” என்றார். எனக்கும் மனசு லேசானது. பந்தயத்தில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஞாயிறைப் பொறுத்தவரை இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பந்தயத்தைப் போனில் வைத்துப் பார்த்தோம். தம்பி தறியை நிறுத்திவிட்டு வந்து நின்றான். அரக்குக் குதிரையின் மேல் வடக்கிலிருந்து வந்த வேறொரு ஜாக்கி. முந்தின நாள் அவர் இவருக்குப் போன் செய்து, குதிரையின் குணம் எப்படி என்று கேட்டிருந்தார். இவரும் தனக்குத் தெரிந்த ஹிந்தியில், கடைசி வளைவு வரை அதற்குச் சாட்டையைக் காட்டவே கூடாது என்று அரை மணி நேரம் விளக்கியிருந்தார். அவர் அப்படியே செய்தார். குதிரை இரண்டு உடல் நீளம் முன்னால் வந்து ஜெயித்தது.

இவர் கை தட்டினார். பட்டை கட்டிய கை என்பதையும் மறந்து தொடையில் தட்டிக்கொண்டே, “பாத்தியா, பாத்தியா, நான் சொன்னேன்ல” என்றார். ஜெயித்தவருக்கு உடனே போன் போட்டு வாழ்த்துச் சொன்னார். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனவர் வெகு நேரம் கீழே வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. போகத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

மூன்று வாரத்தில் கை சரியாகிவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்து நான் கத்தும்வரை அழுத்திக் காட்டிச் சிரித்தார். பையை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனார். சவாரி கிடைக்கவில்லை. அந்த வாரம் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. எந்த டிரெய்னரைக் கேட்டாலும், ரெஸ்ட் எடுங்க, அப்புறம் பார்க்கலாம் என்ற பேச்சுதான். வயதாகிவிட்டதால் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பிறகுதான் லாயத்தில் வேலை செய்யும் பழைய சிநேகிதர் ஒருவர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கை விளங்காமல் இரண்டு மாதம் மறைத்து ஓட்டினாராம். அந்த இரண்டு பந்தயமும் அதனால்தான் போனதாம். கூட ஓட்டுபவர்களின் உயிரைப் பற்றிக்கூட நினைக்காத ஆளாம்.

வயதான ஜாக்கிக்கு ஒரு மரியாதை உண்டு. பொய் சொல்லும் ஜாக்கியை யாரும் குதிரைப் பக்கம் விடமாட்டார்கள். நான் அந்த போனைச் செய்தபோது இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் என்ற பேச்சு எங்கிருந்து முளைத்தது என்று கேட்க, இவர் நேராக அந்த டிரெய்னரிடமே போயிருக்கிறார். அவரும் மறைக்கவில்லை.

அன்று மதியம் வீட்டுக்கு வந்தார். நான் தறிக்கூடத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி சாப்பிடப் போகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவன் போனதும் கேட்டார்.

“ரெண்டு மாசம்னு சொன்னியா?”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “ஆமா” என்றேன்.

“எத்தினி நாளு?”

“எட்டு நாளு.”

“அந்த எட்டு நாள்ல நான் ஒரு ரேஸ் கூட ஏறல. தெரியுமா உனுக்கு?”

தெரியாது. அதைக்கூட நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னேன். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்றேன். நீங்களும்தானே விழுந்ததை மறைத்தீர்கள் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கடைசியில் எழுந்து போகும்போது ஒன்றுதான் சொன்னார்.

“நான் உன்னாண்ட மறைச்சது தப்புதான். ஆனா நீ என்னாண்ட கேட்டிருந்தா, நானே போயி டிரெய்னராண்ட சொல்லியிருப்பேன்.”

மறுநாளே டிரெய்னருக்குப் போன் செய்து, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “இப்ப சொல்றீங்களேம்மா” என்றார். நாலு பேரிடம் சொல்கிறேன் என்றார், சொல்லியும் இருப்பார். ஆனால் புருஷனுக்காக மனைவி பேசுகிறாள் என்றுதான் மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒரு சீசன் முழுக்க, இவருக்குக் காலைப் பயிற்சிக்கு மட்டும் குதிரை ஏறும் வேலை கொடுத்தார்கள். பந்தயத்தில் ஏற்றவில்லை. அடுத்த வருடம் அவரே விட்டுவிட்டார்.

இப்போது பெங்களூருக்கு வெளியே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறார். திங்கட்கிழமை ஆனால் வீட்டுக்கு வருகிறார். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். வயிறாரச் சாப்பிடுகிறார், கொஞ்சம் தொப்பைகூட வந்திருக்கிறது. அவர் விட்ட அதே வருடம், அவர் வயதுள்ள இன்னொரு ஜாக்கி பந்தயத்தில் விழுந்து நடக்க முடியாமல் போனார். அதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள், நல்ல நேரத்தில் உன் வீட்டுக்காரர் விட்டார் என்று என்னிடம் வந்து சொல்கிறார்கள். தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன்.

அவருக்கு வயதாகிவிட்டதா, இன்னும் ஓட்டும் திறமை இருந்ததா என்று நான் இப்போது யோசிப்பதில்லை. என்றைக்காவது ஒருநாள் அவர் இறங்கித்தான் ஆகவேண்டும். என்னைக் குடைவது அவர் சொன்ன அந்தக் கடைசி வார்த்தைதான். ஸ்கூட்டியை ஓரம் கட்டி நான் கேட்டிருந்தால், முப்பது வருடம் காத்திருந்த கோப்பையை விட்டு, என் கை சரியில்லை என்று அவரே போய்ச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்று சில நாள் தோன்றுகிறது, மாட்டார் என்று சில நாள் தோன்றுகிறது. இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதை அவருக்கும் கொடுக்காமல் எனக்கும் இல்லாமல் செய்துவிட்டேன்.