ரிச்சர்ட்ஸ் டவுன் ஜன்னலும் அப்பாதுரையின் வலது காதும்

கர்ட்டன் ராடு விழுவதற்கு மூன்றே காரணம்தான் உண்டு என்பது அப்பாதுரையின் கட்சி. ஸ்க்ரூ நீளம் போதாது. ஓட்டை பெரிதாகி, ஸ்க்ரூவுக்காக அதில் செருகிய பிளக் லொடலொடவென்று ஆடும். ராடு ஆறடி தாண்டியும் நடுவில் ஒரு பிராக்கெட் போட்டிருக்க மாட்டார்கள். இந்தத் தப்பெல்லாம் செய்கிற ஆள் இல்லை அவர். சந்தாபுராவிலிருந்து பஸ் மாறி வந்து, பெங்களூர் சிவாஜிநகரில் கர்ட்டன் கடை ஒன்றுக்கு இருபத்திரண்டு வருடமாக ராடு மாட்டுகிறவர். சும்மா சொல்லக்கூடாது, அவர் மாட்டியதில் பிள்ளைகள் தொங்கி ஆடியும் அசைந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ரோஸலின் டீச்சர் வீட்டு முன்ஜன்னலில் மாட்டிய ராடு ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்தது. இரண்டாவது முறை பூச்சாடி ஒன்றும் உடைந்தது. கடைக்காரர் ஹரிஷ் கத்தவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்குக் கத்தியிருந்தாலே தேவலை என்றிருந்தது அப்பாதுரைக்கு.

ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, மனைவி சந்திரம்மாவிடம்கூட. தலைக்கு மேலே டிரில்லைப் பிடித்துப் பிடித்து வலது காது போய் மூன்று வருடமாகிறது. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றால் சிரித்த மனுஷர்தானே. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நல்ல வழிதான், போங்கள்.

மூன்றாம் முறை போனபோது ஜன்னலுக்கு மேலே, பழைய ஓட்டைக்கு நாலு விரல் தள்ளி டிரில்லை வைத்தார். செங்கல் சுவர் என்றால் சிவப்புத் தூள் கொட்ட வேண்டும். கொஞ்சம் வெள்ளைத் தூளும் மரத்தூளும் வந்தன. அப்புறம் டிரில் பொசுக்கென்று உள்ளே போனது. பின்னால் ஒன்றுமே இல்லை. பழைய வென்டிலேட்டரைப் பலகை அடித்து மூடி, மேலே பூசியிருக்கிறார்கள். பழைய ஓட்டை அதன் ஓரத்துச் சாந்தில் விழுந்ததால் இதுவரை தெரியவில்லை. வெறும் பூச்சில் எந்த ஸ்க்ரூ நிற்கும்?

ஸ்டூலைவிட்டு இறங்கி, வீட்டுக்காரர்கள் இதையெல்லாம் முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டார். அவருக்கு வலப்பக்கம் நின்ற டீச்சர் சுற்றி வந்து இடப்பக்கம் நின்றார்.

“ரெண்டு தடவை சொன்னேன்ப்பா. கொசு வருதுன்னு வென்டிலேட்டரை அடைச்சதைச் சொன்னேன். நீ ரெண்டு தடவையும் தலையாட்டின.” அப்புறம் கேட்டார். “எந்தக் காது?”

நாற்பது வருடம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைப் பார்த்த கண் அது. அப்பாதுரை மெல்ல வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

அப்பாதுரை கடைக்குப் போனார். வென்டிலேட்டரைவிட இரண்டு பக்கமும் அரையடி நீளமாக ஒரு தேக்குப் பலகை வாங்கிவந்தார். சிவப்புத் தூள் வரும் இடமாகப் பார்த்து அதன் இரு முனைகளையும் சுவரில் முடுக்கி, பலகைமேல் பிராக்கெட்டுகளை வைத்தார். ராடைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். இம்மியும் நகரவில்லை.

யார் தப்பு என்று கேட்க ஹரிஷ் டீச்சருக்குப் போன் செய்தார். டீச்சர் போனோடு அப்பாதுரையின் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டுதான் பேசினார்.

“அவர்மேல தப்பில்லைப்பா. வென்டிலேட்டர் இருந்ததைச் சொல்ல நான்தான் மறந்துட்டேன்.”

அப்பாதுரை டிரில்லின் ஒயரை வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரம் தட்டின் முன்னால் உட்கார்ந்து, வலது காது கேட்பதில்லை என்று சந்திரம்மாவிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டார். அழுவாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குழம்பு ஊற்றுவதை நிறுத்தவே இல்லை.

“மூணு வருசமா நான் உனக்கு எடது பக்கமாவே உக்காந்து பேசறேனே, எதுக்குன்னு நெனச்ச?”