நாலாம் நம்பர் கல்லா

அந்தச் சலவைக்கடையில் கோட்டைக் கொடுத்தால் கோட்டோடு பணமும் வருகிறதாம் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. முடிவெட்டுபவர் சொன்னார். அவருக்கு மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். மருந்துக்கடைக்காரரைக் கேட்டால், "எல்லாரும் சொல்றாங்க" என்றாராம். தெருமுனையைத் தாண்டுவதற்குள் பேச்சு வளர்ந்துவிட்டது. கோட்டுக்கு ஒரு தொகை, கால்சட்டைக்கு அதில் பாதி என்றார்கள். ஓர் அம்மாள், பூச்சி அரித்த கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

"வியாழக்கிழமை வாங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"கோட்டு சரி. மத்தது?"

விஷயம் அவ்வளவு பெரிதில்லை. சலவைக்குப் போடுமுன் பைகளைத் துழாவ வேண்டும். ஒரு பேனா உள்ளே போய்விட்டால் போதும், மெஷினிலிருக்கும் அத்தனை துணியும் நீலமாகிவிடும். ஆனால் துழாவினால் பேனாவா அகப்படுகிறது? சூப்பர்மார்க்கெட் பில்தான். கசங்கி, மடங்கி, சில சமயம் சூயிங்கத்தைச் சுற்றிக்கொண்டு. கடைக்காரருக்கோ அச்சடித்த எதையும் படிக்காமல் தூக்கிப்போட மனம் வராது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட இரண்டு பக்கமும் படிப்பார். மறுநாள் அதில் சொல்லியிருக்கும் பக்கவிளைவுகளில் பாதி அவருக்கு வந்துவிடும்.

முதலில் கிடைத்த பில்லை ஒழுங்காகப் படிக்க வேண்டுமென்று இஸ்திரி போட்டார். கண்ணெதிரே அது கன்னங்கரேலென்று ஆனது. அந்தத் தாளில் மை என்று ஒன்று கிடையாது, சூடுதான் எழுத்து என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"நல்லா வெந்துடுச்சு. எடுத்துடுங்க" என்றாள் மனைவி.

அதிலிருந்து, ஆறிப்போன இஸ்திரிப் பெட்டியைப் பில்லின்மேல் ஏற்றி வைப்பதோடு சரி. சுருக்கம் போனதும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். ஒரே சாமான் இரண்டு தடவை விழுந்திருக்கும். வாசலில் தள்ளுபடி என்று எழுதிப்போட்ட சோப்புக்கு உள்ளே முழு விலை ஏறியிருக்கும். வெங்காயத்தை எடை போட்டவர் ஆப்பிளின் எண்ணை அழுத்தியிருப்பார். கண்டதைத் துண்டுச்சீட்டில் எழுதி, பில்லோடு சேர்த்துக் காலரில் ஊசியால் குத்திவிடுவார். 'வெங்காயம் ஆப்பிள் விலைக்குப் போயிருக்கிறது. பார்க்கவும்.' துணிக்குச் சொந்தக்காரர் போய் வித்தியாசத்தை வாங்கிக்கொள்வார். இவருக்கு அதில் கிடைத்தது ஒரு பெயர் மட்டும்: பாக்கெட் மாஸ்டர்.

"ஊரு பாக்கெட்டையெல்லாம் பார்த்தாச்சு. நம்ம பாக்கெட்ல ஒரு ஓட்டை இருக்கு. என்னிக்காவது அதையும் பாருங்க" என்பாள் மனைவி, பட்டனுக்கு நூல் கோத்துக்கொண்டே.

மாஸ்டருக்கு ஒரு தங்கை. வேலை பார்த்த போர்வை ஆலையை மூடியதும் பெட்டியோடு வந்தவள். கடைக்கு மேலே அறை இரண்டு, குளியலறை ஒன்று. தங்கை குளிக்கப் போனால், குழாய்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆனாலும் கதவு திறக்காது. அண்ணி தோளில் துண்டோடு வெளியே நின்று, யாரையும் குறிப்பிடாமல் பேசுவாள்: "தண்ணி வரி ஏறப்போகுதாம்."

"ஏறட்டும் அண்ணி" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

ஆகவே சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவுக்குத் தங்கையை எடுத்தபோது அவளைவிட அதிகம் சந்தோஷப்பட்டது அண்ணிதான். இப்போதைக்குச் சோதனைக் காலம். இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக்குவார்கள். அந்தக் காகிதம் கையில் வந்தால்தான் அடுத்த தெருவில் பார்த்து வைத்திருக்கும் அறையை வீட்டுக்காரர் தருவார். வராவிட்டால் அறையும் இல்லை. அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாகப் போய் அந்த ஜன்னலை அளந்துவிட்டு வந்தார்கள். அவர்கள் சண்டையில்லாமல் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். திரைச்சீலை தைத்தாகிவிட்டது. மாஸ்டர் அதைத் தேய்த்து, பாலிதீன் உறை போட்டு, வாடிக்கையாளர் துணிகளோடு மாட்டி வைத்திருந்தார். உறையின்மேல் 'தங்கை' என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, உங்க கடையில நாலாம் நம்பர் கல்லாவுல யாரு?" என்றார் மாஸ்டர். அவர் அந்தக் கடைக்குள் போனதில்லை. பேரம் பேச முடியாத இடத்தில் அவருக்கு என்ன வேலை?

தங்கை நிமிர்ந்தாள். "எதுக்குண்ணா?"

"யாரா இருந்தாலும் கையில வேகம், காதுல பஞ்சு. ஒரே சாமானை ரெண்டு தடவ அடிக்குது. இந்த மாசம் மூணு பில்லு பார்த்துட்டேன். மூணும் நாலாம் நம்பர்."

"மூணா?"

"மொதல்ல சோப்புத்தூள். அப்புறம் பால்பவுடர். முந்தாநாள் காபித்தூள். இவங்களையெல்லாம் எதைப் பார்த்து வேலைக்கு எடுக்கறாங்களோ."

தங்கை கையிலிருந்ததைத் தட்டிலேயே வைத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"நான்தாண்ணா நாலாம் நம்பர்."

அண்ணி பரிமாற எடுத்த கரண்டி அப்படியே நின்றது.

"பக்கத்துல ஐஸ்பெட்டி. நாள் பூரா உறுமிக்கிட்டே இருக்கு. பீப் சத்தம் கேக்கலைன்னா விழலையோன்னு இன்னொரு தடவ இழுத்துடறேன். திரையைப் பாருங்கறாங்க. திரையைப் பார்த்தா வரிசையில நிக்கறவங்க மொறைக்கறாங்க."

"எங்ககிட்ட நீ சொல்லவேயில்லையே" என்றார் மாஸ்டர்.

"என்னத்தைச் சொல்ல? ஒரு ஆள் சோப்புத்தூளுக்கு வந்தார். ஒரு அம்மா பால்பவுடருக்கு வந்தாங்க. உன் சீட்டைக் காட்டலை, பில்லைத்தான் காட்டினாங்க. உன்கிட்டத் துணி போடறவங்கன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு? மேனேஜர் ரெண்டு தடவயும் ரூமுக்குக் கூப்பிட்டார். மூணாவதா ஒண்ணு வந்தா நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டார்." பிறகு கேட்டாள்: "காபித்தூள் பில்லு எங்க?"

அது டிரைவிங் ஸ்கூல்காரருடைய கோட்டில் இருந்தது. கோட்டு காலையிலேயே போய்விட்டது. அவர் காலரிலிருந்த சீட்டை நின்றபடியே படித்தார். "ஒண்ணுதான் வாங்கினேன். இன்னிக்கே கேக்கறேன், விடமாட்டேன்" என்றார். மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தக் குலுக்கலை மட்டும் மாஸ்டர் தங்கையிடம் சொல்லவில்லை.

அவள் கைகழுவிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது கதவை அறைந்திருக்கலாம். மெல்லச் சாத்தினாள்.

மாஸ்டர் கீழே வந்து, டிரைவிங் ஸ்கூல்காரரைக் கூப்பிடச் சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்தார்.

"எடுத்தார்னா என்ன சொல்லுவீங்க?" என்றாள் மனைவி.

"கடைக்குப் போக வேணாம்னு."

"ஏன்னு கேட்பாரே."

"கேட்பார்."

"தப்பு எதுவும் இல்ல, நான்தான் சரியாப் பார்க்கலைன்னு சொல்லிடுங்க."

"காபித்தூள் ரெண்டு தடவ விழுந்திருக்கே."

"உங்க தங்கச்சிங்க."

"அது தெரியுது. ஆனா ரெண்டு விழுந்திருக்கு."

மனைவி குண்டூசிகளை உதட்டோரம் கவ்விக்கொண்டு சொன்னாள்: "மொத நாள் மாதிரி சூடா ஒரு இழுப்பு இழுத்திருந்தா இன்னிக்கு இந்தத் தொல்லையே இல்ல."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு காபித்தூள் பொட்டலத்தின் விலையை எண்ணித் தனியே வைத்தார். அதை நானே தருகிறேன் என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை. காரணம் கேட்டால் என் தங்கை என்று சொல்லிவிடலாம். அதிலும் பொய் இல்லை. இவ்வளவு நேரம் யோசித்தும் தன்னிடம் ஒரு பொய்கூட அகப்படாதது அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

எண்ணைச் சுழற்றினார். மணி போனது.

அந்த ஆள் போனை எடுக்கமாட்டார் என்பது தெருவுக்கே தெரியும். வண்டியில் ஏறியதும் அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். தன் போனையும் படிக்க வந்தவர் போனையும் முன்னாலிருக்கும் பெட்டிக்குள் போட்டு மூடுவார். பிறகுதான் சாவியைத் தருவார். வகுப்பு முடிந்து கோட்டை மாட்டிக்கொண்ட பிறகு எடுப்பாரோ என்னவோ.

"வருது" என்றாள் மனைவி, கண்ணாடிக் கதவருகே நின்று.

தலையில் பலகை வைத்த அந்தக் கார் தெருவில் நடைவேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஓட்டியது யாரோ புதுசு. மூக்கு முன்கண்ணாடியில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். பின்சீட்டு ஜன்னலில், இவர் தேய்த்த கோட்டு ஹேங்கரில் ஆடிக்கொண்டே போனது.

"எங்க போறாங்க?"

"பார்க்கிங் பழக. வேற எங்க?" என்றார் மாஸ்டர்.

பார்க்கிங் பழகத் தெருவில் இருக்கும் ஒரே இடம் சூப்பர்மார்க்கெட் முற்றம். கார் அந்தப் பக்கம் திரும்ப விளக்கைச் சிமிட்டத் தொடங்கியது.

மனைவி வாயிலிருந்த குண்டூசிகளைக் கையில் துப்பினாள். "அந்த போனை வெச்சுக்கிட்டு நிக்காதீங்க, ஓடுங்க."

"எடுத்துட்டா?"

அவளே கிளம்பினாள். செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்கி, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினாள். தண்ணி வரியைப் பற்றிப் பேசுகிற அந்தக் குரலில் அல்ல, வேறு குரலில் ஏதோ கூப்பிட்டாள். ஓட்டியவன் பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். பதறிப்போய் வைப்பரைப் போட்டான். மழை இல்லாத கண்ணாடியில் அது இப்படியும் அப்படியும் போய்வந்தது. கார் நிற்கவில்லை. மெல்ல, மிகச் சரியாக, முற்றத்துக்குள் திரும்பியது.

மாஸ்டர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். வயர் எட்டியமட்டும் கதவுப்பக்கம் நகர்ந்தார். தோளில் உரசிய திரைச்சீலை உறையை ஒரு கையால் ஒதுக்கினார். மனைவி முற்றத்து வாசலை எட்டியிருந்தாள்.

மணி போய்க்கொண்டிருந்தது.