ராப்பர்ஸ்வில்லிலிருந்து ஐன்சீடல்னுக்கு ஒரு லத்தீன் பாட்டோடு

மனைவி இறந்தபின் நான் இங்கே சுவிஸில் ஐன்சீடல்ன் மடாலயத்துக் கறுப்பு மாதாவிடம் போகவில்லை. முன்பு வருடாவருடம் காரில் போவோம். தனியே அந்தக் காரில் ஏற மனம் வரவில்லை. போன செப்டம்பரில், பழைய யாத்திரைப் பாட்டொன்றைப் பாடியபடி சிலர் அங்கே நடந்து போகிறார்கள், யாரும் சேரலாம் என்று ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். மனிதக் குரல்களுக்கு நடுவே ஒரு நாள் இருக்கலாம் என்று பெயர் கொடுத்தேன். வேலையிடத்தில் சிவம் சிரித்தான். “விசரோ அண்ணை? காரிலை ஒண்டேகால் மணித்தியாலம்.”

நான் இருக்கும் ஓல்டனில் ஏழரை மணி ரயில், சூரிச்சில் மாறி ராப்பர்ஸ்வில். ஏரி மேல் மரப்பாலத்தில் நடை தொடங்குகிறது. மொத்தம் பதினாறு கிலோமீட்டர் சொச்சம். எட்சல் கணவாய்வரை ஏற்றம் முழங்காலைப் பதம் பார்க்காமல் விடாது.

பாட்டு இடைக்காலத்து லத்தீன். மடாலயச் சுவடியில் நெடுங்காலம் கிடந்ததை இப்போது மறுபடி பாடுகிறார்கள். ஒருவர் அடியைப் பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாட வேண்டும். பதில் நாலே சொல். ஒரு வாரம் சமையலறையில் பாடமாக்கியிருந்தேன்.

கணவாயில் சிறு தேவாலயத்தின் முன் நின்றோம். பாட்டை நடத்திய மார்க்ரிட் என்ற அம்மா அடியை முடித்து ஒரு கணம் நிறுத்தினார். என் வாய் பெரிய சத்தமாக “அரோகரா” என்றது.

எல்லோரும் திரும்பினார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. காரில் போகும்போது என் மனைவிதான் “கந்தனுக்கு” என்று தொடங்குவாள், நான் “அரோகரா” என்று முடிப்பேன். மாதாவிடம் போகும் வழியில் கந்தனுக்கு என்ன வேலை என்று கேட்டால், “தாயிட்டைப் போகேக்கை பிள்ளையைக் கூப்பிடக் கூடாதோ?” என்பாள். அவள் போனபின் அந்தச் சொல் என் வாயில் வந்ததேயில்லை.

மார்க்ரிட் என்னவென்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பி நின்று அதே அடியை மறுபடி பாடினார். இம்முறை லத்தீனில் பதில் சொன்னேன். நாலு சொல்லையும் முடித்தேன்.

ஐன்சீடல்ன் முற்றத்தில் கைகொடுத்துவிட்டு ஆளுக்கொரு ரயிலுக்குப் போய்விட்டார்கள். உள்ளே மாதாவின் முன் நான் தனியே நின்றேன். “கந்தனுக்கு” என்று நானே தொடங்கப் பார்த்தேன். வாய் வரவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: ஹால்ப்டாக்ஸ் என்ற அரைக்கட்டண அட்டை இருந்தால் ஓல்டனிலிருந்து போய்வர நாற்பது பிராங்குக்குள் முடியும். நடை ஐந்து மணித்தியாலம். நல்ல சப்பாத்து, தண்ணீர், மழைச்சட்டை வேண்டும். பாட்டில் பதில் மட்டும் போதும் என்பார்கள். தொடக்கத்தையும் பாடமாக்குங்கள். அதைச் சொல்ல எப்போதும் ஆள் இருக்கும் என்று நான் இருந்துவிட்டேன்.