மெல்ல மாஸ்டரின் கால்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு இருபத்தொரு வருட சர்வீஸ். வாயைத் திறந்தால் முதலில் வருவது ‘மெல்ல, மெல்ல’ என்பதுதான். அதனால் மெல்ல மாஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் வீட்டுக்காரியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பள்ளியின் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவர் மிதித்தால் ஓட்டுகிறவரின் பெடலும் கூடவே கீழே போகும். ஆபத்துக்கென்று வைத்தது. மாதத்துக்கு நாலு தடவை தொட்டாலே அதிகம் என்று ஒரு காலத்தில் பெருமையடித்துக்கொள்வார்.

அந்தப் பெருமைக்கு ஒரு மத்தியானம் முடிவு வந்தது. ரிட்டயரான போஸ்ட்மேன் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைக் கட்டடத்தின் தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கிலிருந்து மேலேறும் சரிவு. முன்னால் வண்டிகள் நின்றுவிட, பாதியில் நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி கிளப்பும்போது, கிளட்ச் பிடிப்பதற்கு முன்பே போஸ்ட்மேன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். மாஸ்டர் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கார் கோணலாகப் பின்னால் உருண்டது. அவர் பிரேக்கை மிதிப்பதற்குள் ‘நறுக்’ என்று ஒரு சத்தம்.

கண்ணாடியில் பார்த்தார். நீல நிறத்தில் ஒரு குழந்தை வண்டி, சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. கதவைத் திறந்து பின்பக்கம் ஓடினார். குழந்தை தாயின் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தது. அழுகிறதென்று அரை நிமிடம் முன்புதான் தூக்கினாளாம். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து அவர் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பஸ்ஸில் போனாலும் தரையை அழுத்திக்கொண்டே இருப்பார்.

“பஸ்ல உக்காந்துக்கிட்டு எதைங்க மிதிக்கிறீங்க?” என்று வீட்டுக்காரி கேட்டாள்.

“கால் மரத்துப்போச்சு,” என்றார்.

காரிலோ கேட்கவே வேண்டாம். யார் ஓட்டினாலும் கிளட்சை மிதிப்பதும் விடுவதும் அவர்தான். நெரிசலில் ஊர்வது, சந்தில் ரிவர்ஸ் எடுப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது எல்லாமே அவர் காலிலேயே முடிந்துவிடும். “வண்டி வெண்ணெய் மாதிரி போகுது மாஸ்டர்!” என்று கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு ஒரே குஷி. டெஸ்ட் அன்று அதிகாரி பெடலைத் தொட மாட்டார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். இரண்டு மாதத்தில் ஒன்பது பேர் ஃபெயில்.

“என்ன மாஸ்டர், உங்க ஆளுங்களுக்கு மட்டும் இப்படி ஆகுது?” என்று முதலாளியம்மா கேட்டார்.

“இப்ப வர்றவங்களுக்குப் பொறுமை இல்லைங்க,” என்று சொல்லித் தப்பித்தார்.

அவரிடம் கற்றுக்கொள்ள ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டாள். நாலாம் நாள், இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும்போது சட்டென்று நிறுத்தினாள்.

“மாஸ்டர், என் காலுக்குக் கீழ பெடல் தானா இறங்குது.”

“பழைய வண்டி மேடம். அப்படித்தான்.”

“வண்டியா? உங்க முட்டி ஏறி இறங்குறதை வந்த நாளிலேருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.”

மாஸ்டருக்கு முகம் சூடானது. பொய் சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. நீல வண்டி, பிஸ்கட், அந்தத் தாய் பார்த்த பார்வை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாதது.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “உங்களுக்கும் பயம், எனக்கும் பயம். ரெண்டு பேரும் ஒரே பெடலை மிதிச்சா நான் எப்ப கத்துக்கிறது? ஆள் நடமாட்டம் இல்லாத மேடு ஏதாவது இருக்கா?”

இருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு குடோனுக்குப் பின்னால். அவர் இறங்கி வண்டிக்குப் பின்னால் பார்த்தார், அடியில் குனிந்து பார்த்தார், ஏறி உட்கார்ந்தவர் மறுபடி இறங்கிப் பார்த்தார்.

“காலை மேல தூக்கி வைங்க,” என்றாள் அவள்.

“மேடம், வேண்டாம்...”

“ஹேண்ட் பிரேக் உங்க கைக்கு எட்டுதுல்ல? அது போதும்.”

செருப்பைக் கழற்றி, சீட்டிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவள் குதிகாலைத் தரையில் ஊன்றிக் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பிரேக்கை எடுத்ததும் கார் ஒரு சாண் பின்னால் நழுவியது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி சீட்டில் நெளிந்தார்.

“மாஸ்டர், மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க, அசையாதீங்க.” தினமும் நூறு பேரிடம் சொல்லிப் பழகிய குரல்.

இன்ஜின் சத்தம் சற்றே தணிந்தது. வண்டி லேசாக நடுங்கியது. முன்பக்கம் ஒரு விரற்கடை எழும்பி நின்றது. கிளட்ச் பாதியில் பிடிக்கும் இடம், ஹாஃப் கிளட்ச். கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அத்தனை வருடம் அவர் வாயால் சொல்லிக்கொடுத்தது, இப்போது அவர் கால் படாமலே நடந்துகொண்டிருந்தது.

“மூச்சை விடலாம்,” என்றாள். கார் எறும்பு மாதிரி மேலேறியது.

அடுத்த தடவை அணைந்தது. அதற்கடுத்த தடவை இரண்டு முழம் உருண்டது. மாஸ்டர் “அம்மா!” என்று அலறி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். அவள் மறுபடி சாவியைத் திருப்பினாள்.

மறுநாள் முதலாளியம்மாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். முதலாளியம்மா பெயர்ப் பதிவேட்டைப் புரட்டினார். கடைசியில், “அந்த ஒன்பது பேரையும் கூப்பிடுங்க,” என்றார். ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அதே குடோன் மேட்டில், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டபடி திரும்பச் சொல்லிக்கொடுத்தார். எக்ஸ்ரே அம்மா முதல் டெஸ்டிலேயே பாஸானாள்.

பயம் போயிற்றா என்றால், இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் உயிர் போய் உயிர் வருகிறது. வேர்வையில் சட்டை தொப்பலாக நனைந்துவிடுவதால், வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரி பையில் இன்னொரு சட்டையையும் மடித்து வைக்கிறாள்.