ரோட்டரி சுழன்ற மதியங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், கெமிஸ்ட்ரி பட்டம் வாங்கிய கையோடு, ஆம்பூருக்கு வெளியே இருந்த ஒரு தோல் கம்பெனியின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலூரில் எங்கள் வீடு. அப்பா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியர். தினமும் காலையில் பஸ் ஏறி ஆம்பூர் போவேன். லேபில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். விரிஞ்சிபுரத்துக்காரர். தோல் படிப்பு படித்தவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அவரும் அதே பஸ்ஸில்தான் வருவார் என்பது சேர்ந்த மறுநாள் தெரிந்தது. இடம் இருந்தாலும் பெண்பிள்ளை என் பக்கத்தில் உட்கார மாட்டார். கம்பியைப் பிடித்தபடி நின்று, ஜன்னலுக்கு வெளியே பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டு வருவார்.

லேபில் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு ரோட்டரி எவாப்பரேட்டர். ரோட்டரி என்போம். வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டியில் வைக்கோல் பொதிந்து வந்தது. தோலைப் பீப்பாயில் போட்டு உருட்டும் ஆட்கள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், பாட்டில் ராட்டினம் சுத்துது?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள்.

தோலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் முக்கிய வேலை. தோலைப் பொடியாக நறுக்கி, பெட்ரோல் போன்ற ஹெக்ஸேன் திரவத்தைச் சூடாக்கி அதில் சில மணி நேரம் வைத்தால் கொழுப்பெல்லாம் அதில் இறங்கிவிடும். பிறகு ஹெக்ஸேனை மட்டும் ஓட்டிவிட்டு, அடியில் மிஞ்சும் கொழுப்பை நிறுக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால் லேபே பற்றிக்கொள்ளும். ரோட்டரியில் அந்தப் பயம் குறைவு. உருண்டை பிளாஸ்க்கைச் சாய்வாக மாட்டி, பாதி உடம்பு வெந்நீர்த் தொட்டியில் இருக்கும்படி இறக்குவோம். பிளாஸ்க் சுழலும். சுழலச் சுழல ஹெக்ஸேன் கண்ணாடிச் சுவரில் மெல்லிய ஏடாகப் படரும். ஏடாக இருப்பதால் சீக்கிரம் ஆவியாகும். உள்ளே இருக்கும் காற்றையும் இழுத்துவிடுவதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆவி மேலே போய், குளிர்ந்த தண்ணீர் ஓடும் கண்ணாடிச் சுருளில் பட்டு மறுபடி திரவமாகி, பக்கத்துப் பிளாஸ்க்கில் சொட்டுச் சொட்டாக விழும்.

காற்றை இழுப்பதற்குத் தனி மெஷின் எதுவும் கிடையாது. குழாயில் மாட்டிய சின்னப் பித்தளைப் பம்புதான். அதன் வழியாகத் தண்ணீர் வேகமாகப் பாயும்போது பிளாஸ்க்கின் காற்றையும் கூடவே இழுத்துப்போகும். அதனால் ஒருவர் குழாயருகே நின்று தண்ணீரின் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர் பிளாஸ்க்கைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் திடீரென்று நுரைத்துப் பொங்கி எல்லாம் மேலே போய்விடும். நான் குழாயருகே, அவர் பிளாஸ்க்கருகே.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்பார். திருகுவேன். "போதும், போதும்." பிறகு பேச்சு இருக்காது. சுழலும் சத்தம், தண்ணீர்ச் சத்தம், சொட்டு விழும் சத்தம். இத்தனை வருடத்தில் நான் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டேன், கல்யாணமாகிப் பிள்ளைகளும் பெரியவர்களாகிவிட்டார்கள். ஆனாலும், போன காலத்தில் எதையாவது திரும்பக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்த மதிய வேளைகளில் ஒன்றைத்தான் கேட்பேன்.

சித்திரை வெயிலில் ரோட்டரி முரண்டு பிடிக்கும். குழாய்த் தண்ணீரே சுடும்போது சுருள் எப்படிக் குளிரும்? ஆவி பிடிபடாமல் பம்பு வழியே போய் லேப் முழுக்க வாடை அடிக்கும். அவர் கம்பெனி சைக்கிளில் பஜாருக்குப் போய் ஐஸ் கட்டி வாங்கி, கோணியில் சுற்றிக் கொண்டுவருவார். பக்கெட்டில் ஐஸைப் போட்டு, அந்தத் தண்ணீரைச் சுருளுக்குள் சுற்றவிடுவோம். உடைத்த ஐஸில் ஒரு துண்டைக் கழுவி டம்ளரில் போட்டு என் மேஜைமேல் வைத்துவிடுவார்.

அப்படி ஒரு கோடையில், வெளிநாட்டுக்குப் போன செருப்புத் தோலில் வெள்ளை பூத்துவிட்டது என்று தகவல் வந்தது. தோலின் மேல் சுண்ணாம்பு தூவியதுபோல் படிந்துவிடும், துடைத்தால் போகும், மறுபடி வரும். சரக்கு முழுவதும் திரும்பிவிடுமோ என்று முதலாளி பாய் தூக்கமில்லாமல் அலைந்தார். அங்கிருந்து வந்த தோல் துண்டு உள்ளங்கை அளவுதான். பாயே அதை லேபுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒன்னுதாம்மா இருக்கு. பேஜார் பண்ணிடாதீங்க. எதனால வந்துச்சுன்னு சொல்லிடுங்க, போதும்."

ரோட்டரியில் பிளாஸ்க்கைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் அப்போது உடைந்துபோயிருந்தது. மாற்றுக் கிளிப் வரவில்லை. உள்ளே காற்று இல்லாத வரை அந்த இழுப்பே பிளாஸ்க்கைக் கவ்விக்கொண்டிருக்கும் என்பதால் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். அன்றும் எல்லாம் ஒழுங்காகப் போனது. ஹெக்ஸேன் ஏறக்குறைய முழுதும் சொட்டி முடிந்தது. மிச்ச வாடையும் போகட்டும் என்று தொட்டியின் சூட்டைக் கொதிக்கிற அளவுக்கு ஏற்றி வைத்திருந்தோம். அப்போது கரண்ட் போனது. ரோட்டரி நின்றது. தண்ணீர் மோட்டாரும் நின்று குழாய் இளைத்தது.

"சார், தண்ணி நிக்குது!" என்று கத்தினேன்.

ரோட்டரியை மேலே தூக்கும் பிடிக்கு அவர் கை போவதற்குள், இழுப்பு விட்டு பிளாஸ்க் நழுவியது. வெந்நீர் உள்ளே போனால் எல்லாம் வீண். அவர் யோசிக்கவே இல்லை. தொட்டிக்குள் வலது கையை விட்டு, பிளாஸ்க்கை அடியோடு ஏந்தி மேலே எடுத்தார். மேஜைமேல் வளையத்தில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டுத்தான் கையைப் பார்த்தார்.

ஐஸ் பக்கெட்டில் அந்தக் கையை நானே பிடித்து அமுக்கினேன். அதற்கு முன் அவர் விரல்கூட என்மேல் பட்டதில்லை.

"வலிக்குதா?"

"தெரியல. நீங்க மொதல்ல அந்தக் கொழுப்ப எடை போடுங்க."

"கையைப் பாருங்க சார், வெந்து போச்சு!"

"கைத் தோல் வளரும். அந்தத் தோல் வளராது."

கம்பெனி ஜீப்பில் அவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கரண்ட் வந்ததும் அழுதுகொண்டே எடை போட்டேன். கொழுப்பு இருக்க வேண்டியதைவிட வெகு ஜாஸ்தி. குளிர் நாட்டில் உறைந்து மேலே வந்து பூத்திருக்கிறது. தோலுக்குப் போடும் எண்ணெயை மாற்றினார்கள், அடுத்த சரக்கு சுத்தமாகப் போனது.

கட்டுப் போட்ட கையோடு அவர் வேலைக்கு வந்தார். கேன்டீனில் இடது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் பாதியிலேயே எழுந்துவிடுவதைப் பார்த்தேன். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய் அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார்.

கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள், ரோட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "உங்க வீட்ல வந்து பேசட்டுமா?"

"எங்க அப்பா ஒத்துக்க மாட்டாரு."

"கேக்காமயே எப்படிங்க தெரியும்?"

வந்தார். ஆராதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சட்டையில், தனியாக. அப்பா அவரை மரியாதையாக உட்கார வைத்தார். தோலைப் பற்றி, ஊரைப் பற்றி, அவருடைய அம்மாவைப் பற்றியெல்லாம் கேட்டார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது, எனக்குத் தெரிந்தது. கடைசியில்தான் அந்தக் கேள்வி வந்தது.

"ஞானஸ்நானம் எடுத்துக்குவீங்களா தம்பி?"

"எடுத்துக்கறேங்க ஐயா. ஆனா எங்கம்மா இருக்கற வரைக்கும் அவங்கள எங்க ஊர் சிவன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். உள்ளே வந்து கும்பிடுன்னா கும்பிடுவேன். அத மறைச்சு உங்க பொண்ண கேக்க எனக்கு மனசு வரல."

அப்பா காபித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நான் என்னத்த சொல்ல?"

காபியைக் குடித்து முடித்து, அப்பாவை வணங்கிவிட்டு அவர் போனார். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

அப்பாவை மீறிப் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் மறுத்துத் தலையாட்டினார். "உங்கப்பா என்னைத் திட்டியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன். அவரு அழுதுட்டாருங்க." அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க இருவராலும் முடியவில்லை. தினமும் ஒரே பஸ், ஒரே லேப். அவர் பிளாஸ்க்கருகே, நான் குழாயருகே. ஒரு வருடத்துக்குள் அவருக்கு எத்தியோப்பியாவில் ஒரு தோல் கம்பெனியில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் நம் பக்கத்துத் தோல் ஆட்கள் பலரும் ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள்.

கடைசி நாளிலும் ஒரு டெஸ்ட் இருந்தது. முடிந்ததும் அவர் சூட்டை அணைத்து, பிளாஸ்க்கைத் தண்ணீரிலிருந்து தூக்கி, சுழற்சியை நிறுத்தினார். உள்ளே காற்றை விடும் திருகை நான் மெல்லத் திறந்தேன். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். அது அடங்கும்வரை இருவரும் அசையாமல் நின்றோம்.

"ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார்.

"நீங்களும்."

அவர் போன பிறகு எல்லாவற்றையும் தனியாகவே செய்யக் கற்றுக்கொண்டேன். குழாய்க்கும் பிளாஸ்க்குக்கும் நடுவே ஓடி ஓடிப் பழகினேன். அப்புறம்தான் எத்தியோப்பியாவில் பஞ்சம் என்று ரேடியோவில் சொல்ல ஆரம்பித்தார்கள். பத்திரிகையில் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள். நாடு எவ்வளவு பெரியது, பஞ்சம் எந்தப் பக்கம், அவர் எந்தப் பக்கம் என்று எதுவும் தெரியாமல் பயந்தேன். யாரிடம் கேட்பது? பல நாள் தயங்கி, ஒரு சாயங்காலம் ரிப்போர்ட் கொடுக்கிற சாக்கில் முதலாளி அறைக்குப் போனேன்.

"பாய், நம்ம சார் போன ஊர்ல பஞ்சம்ங்கறாங்களே..."

"அட, அவனா? நேத்துதாம்மா போன் பண்ணான். அவன் இருக்கற டவுன்ல ஒன்னும் இல்லியாம், சௌக்கியமா இருக்கான். லீவுல வந்து கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிருக்கான் பாரு, நமக்கு ஒரு வார்த்தை சொல்லல!"

"அப்படியா பாய்? ரொம்ப சந்தோஷம்" என்றேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. உயிரோடு இருக்கிறார், நன்றாக இருக்கிறார். அந்த நிம்மதியிலேயே லேபைப் பூட்டி, பஸ் பிடித்து, ஜன்னலோரம் இடமும் பிடித்து உட்கார்ந்தேன். பஸ் மாதனூர் தாண்டும்போதுதான் இரண்டாவது சேதி எனக்குள் வந்து சேர்ந்தது.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்றாள்.

"ஒன்னுமில்லம்மா. தெரிஞ்சவர் ஒருத்தர் வெளிநாட்ல நல்லா இருக்காராம்."

"நல்லா இருக்கறதுக்கா அழுவுற?" என்று கேட்டுவிட்டு, அவள் தன் முந்தானையை நீட்டினாள். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.