கல்யாணக் குதிரைக்காரர்

மடித்துக் கட்டிய லுங்கிக்கு மேல் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு போட்டிருந்தார் அவர். அரையாண்டு லீவுக்குத் திருவொற்றியூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது எண்ணூர் கடற்கரையில் அவரைப் பார்த்தேன். அவருடையது மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிற குதிரை. முகூர்த்தம் இல்லாத மார்கழியில் மட்டும் கடற்கரைச் சவாரிக்கு வந்துவிடுமாம்.

என் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தங்கைதான் வற்புறுத்தி என்னைக் குதிரையில் ஏற்றிவிட்டாள். குதிரைக்காரர் அதன் காதருகே ஓயாமல் ஏதோ பேசிக்கொண்டே நடந்தார்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். குதிரை அவர்கள் முன்னால் போய் நின்றுவிட்டது.

“இழுங்க அண்ணாச்சி” என்றேன்.

“இரும்மா. பொம்பளைங்க கும்பலா நின்னா ஆரத்தி எடுக்கறாங்கோன்னு நென்ச்சிக்கும். எட்த்து முட்ச்சாத்தான் நவுரும்.”

“எனக்கெல்லாம் யாரும் ஆரத்தி எடுக்க மாட்டாங்க.”

அவர் என் வெறும் நெற்றியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அது குதிரைக்கு இன்னாம்மா தெரியும்?” என்றார்.

அதைக் கேட்ட ஒரு பெண் சிரித்தபடி முன்னால் வந்தாள். செதில் ஒட்டிய கைகளால் என்னை நோக்கித் திருஷ்டி வழித்து, தன் நெற்றியோரம் விரல்களை மடக்கிச் சொடுக்கினாள். குதிரை நடந்தது. நான் கடலைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வரும்போதும் அந்தப் பெண்கள் அங்கேதான் கும்பலாக நின்றார்கள். குதிரை நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போயிற்று. அவர் அதன் காதில் பேசிக்கொண்டே வந்தார்.

முதல் தடவை அதுவாக நின்றதா, அவர் நிறுத்தினாரா என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.